ஜெயிச்சாச்சு... அப்புறம் ஏன் அழுகை?

போன இதழில், மழைக்காலத்தில் துவரம்பருப்பில் வண்டு விழாமல் இருக்க வேப்பிலை போட்டு வைக்கச் சொல்லி எழுதியிருந்தேன். ‘பருப்பு கசந்து போகாதா?’ என்று இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த இலையாகப் போட்டால் கசக்காது. இந்தத் தடவை சமையலறைச் சங்கதி அவ்வளவுதான். இன்றைக்கு நான் எழுதப்போவது கிரிக்கெட்டைப் பற்றி!

சிரிக்காதீர்கள். 44 வயசு, மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை சாப்பிடுகிற பொம்பிளைக்கு கிரிக்கெட் என்ன கேடு என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 2025 நவம்பர் 2-ம் தேதி ராத்திரி, பன்னிரண்டு மணி சுமாருக்கு, நம் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தார்களே, அப்போது டி.வி. முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை இருக்கிறதே... சந்தோஷத்தில் வந்த அழுகை என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அது மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

நான் பிறந்தது செஞ்சியில். வாசலில் நின்றால் ராஜகிரி மலை தெரியும். (அதே 2025-ல் ஜூலை மாசம் எங்கள் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அன்றைக்கும் வீட்டில் கேசரி கிளறினேன்.) என் அண்ணன்மார் இரண்டு பேரும் தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து முள்ளுக்குள் போனால் எடுத்து வர ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு நான். பொறுக்கிப் போட்டுப் போட்டு எனக்கும் பந்து வீச வந்துவிட்டது. பெரிய அண்ணனையே ஒரு நாள் அவுட் ஆக்கிவிட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். பன்னிரண்டு வயசு முடிந்ததும் அம்மா, “போதும், உள்ளே வா” என்றாள். வந்துவிட்டேன். அந்தக் காலத்தில் ஏன் என்று யார் கேட்டோம்?

1997 டிசம்பரில் பெண்களுக்கான உலகக் கோப்பைப் போட்டி நம் இந்தியாவிலேயே நடந்தது. எனக்கு 16 வயசு. அப்படி ஒன்று நடந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், எல்லைக் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட நிறுத்தியிருந்த பெண்களில் ஒருத்தி ஜூலன் கோஸ்வாமி. 15 வயசு. பின்னாளில் நம் நாட்டுக்கே பெரிய வேகப்பந்து வீச்சாளர் ஆனாரே, அவரேதான். இதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. அவரும் பந்து பொறுக்கினவர், நானும் பந்து பொறுக்கினவள்!

பத்தாவதோடு படிப்பு நின்றது. 2001-ல் சீயமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மகேந்திரவர்ம பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து கட்டின சிவன் கோயில் உள்ள ஊர். எங்கள் வீட்டுக்காரருக்கு மல்லாட்டைப் பயிரும் இரண்டு மாடும். மனுஷர் கிரிக்கெட் பைத்தியம். அப்பாடா, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். “உனக்கு இன்னாமே தெரியும்?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

2002 ஆகஸ்டில் பேப்பரில் ஒரு மூலையில் ஐந்தாறு வரிச் செய்தி. இங்கிலாந்தில் டான்டன் என்ற ஊரில், மிதாலி ராஜ் என்ற 19 வயசுப் பெண் டெஸ்ட் ஆட்டத்தில் 214 ரன் எடுத்தாள், உலக சாதனை என்று. தமிழ்க் குடும்பத்துப் பெண், ஜோத்பூரில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர், பரதநாட்டியம் கற்றவர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அந்த 214 போதும். செய்தியைக் கத்தரித்து என் கல்யாணப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்தேன். நகையை வைக்கிற இடம் அது. என்னிடம்தான் அவ்வளவு நகை இல்லையே!

அப்படி ஆரம்பித்த பைத்தியம் இது. ஆடுகிற பெண்களைப் பற்றி எங்கே ஒரு வரி வந்தாலும் பொறுக்குவேன். 1976-ல் பாட்னாவில் நம் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றி பெற்றபோது கேப்டனாக இருந்த சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர் என்று படித்து அன்று முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். அந்த நாளில் அந்தப் பெண்கள் ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில், மட்டை மூட்டையோடு நாள் கணக்கில் பயணம் போவார்களாம். சொந்தக் காசைப் போட்டு ஆடியிருக்கிறார்கள்.

2005 ஏப்ரலில் நம் பெண்கள் முதல் முறையாக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். தென்னாப்பிரிக்காவில், செஞ்சூரியன் மைதானத்தில். கேப்டன் மிதாலி. என் மகள் அப்போது இரண்டு வயசுக் குழந்தை, இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பேப்பர் பார்த்தபோதுதான் 98 ரன்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது தெரிந்தது. அந்த உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கு 1,000 ரூபாய்தான் கிடைத்தது என்று மிதாலியே பின்னால் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இறுதி ஆட்டம் வரை போன பெண்களுக்கு! 2006-ல்தான் பெண்கள் கிரிக்கெட் பெரிய வாரியத்தின் கீழே வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டக் கூலி ஒன்றே, ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம் என்று அறிவித்தது 2022 அக்டோபரில். ஆயிரத்திலிருந்து ஆறு லட்சம். எங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது மனுஷர் முதல் தடவையாக வாயைத் திறந்து, “அப்படியா?” என்றார்.

2013-ல் நம் சென்னைப் பெண் திருஷ் காமினி உலகக் கோப்பையில் சதம் அடித்தார். உலகக் கோப்பையில் சதம் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். ஆனால் அந்த வருஷம் முதல் சுற்றோடு வெளியேறினோம். எங்கள் தெருவில் ஒருவருக்கும் காமினி பெயர் தெரியாது.

இனி 2017-க்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஜூலையில் ஆஸ்திரேலியாவோடு அரை இறுதி. டி.வி.யில் காட்டினார்கள். நானும் மகளும் முன்னால் உட்கார்ந்தோம். அவளுக்கு 14 வயசு. மாமியாரும் வெற்றிலை இடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஹர்மன்பிரீத் கௌர் அன்று 171 ரன் அடித்தார், கடைசி வரை அவுட் ஆகவில்லை. பந்து பறக்கப் பறக்க மாமியார், “யாருடி இது, நெல்லு தூத்துற மாதிரி தூத்துறா?” என்றார். நான் ஆயுசுக்கும் கேட்ட கிரிக்கெட் வர்ணனையில் அதுதான் சிறந்தது.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தோடு இறுதி ஆட்டம். 229 எடுத்தால் கோப்பை. மூன்று பேர் மட்டும் அவுட் ஆகி 191 வரை வந்துவிட்டோம். எழுந்துபோய்ப் பாயசத்துக்குச் சேமியா கூட வறுத்துவிட்டேன். அப்புறம் 28 ரன்னுக்குள் மீதி ஏழு பேரும் போனார்கள். 9 ரன்னில் தோல்வி. வறுத்த சேமியாவை டப்பாவில் கொட்டிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். மகள் பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அம்மா, நான் ஆடட்டுமா?” என்றாள்.

சீட்டுக் காசில் 350 ரூபாய் எடுத்து வந்தவாசியில் ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்காரர், “வீண் செலவு” என்று முணுமுணுத்தார். ஆனால் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிக் கொடுத்தது அவர்தான். ஏரி காய்ந்து கிடந்த மாசங்களில் பையன்களோடு போய் ஆடுவாள். மட்டையைவிடப் பந்து வீசுவதில்தான் கெட்டிக்காரி. ஓடி வருகிற ஓட்டமே அழகாக இருக்கும். சொந்தப் பெண் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாரே, “திருவண்ணாமலையில் பெண் பிள்ளைகளுக்கு ஆள் எடுக்கிறாங்க, கூட்டிட்டுப் போறேன், அனுப்புங்க” என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின தை மாசம்தான் அவள் வயசுக்கு வந்திருந்தாள். சடங்கு முடிந்த நாளிலிருந்தே மாமியார், “இனிமே குதிக்கக் கூடாது, கர்ப்பப்பை எறங்கிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹர்மன்பிரீத்தைப் பார்த்துக் கைதட்டின அதே மாமியார்! வீட்டுக்காரர், “ஊர் என்ன பேசும்?” என்றார். மாதவிலக்கில் அவளுக்கு ரத்தப்போக்கு அதிகம். முகம் வெளுத்துக் கிடந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா குத்திப் பார்த்து, “ரத்தம் ஒன்பதுதான் இருக்கு” என்று மாத்திரை கொடுத்தார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அம்மா நம் பக்கம் என்று அவளுக்கு நம்பிக்கை. மிதாலி படத்தைப் புடவைக்குள் வைத்திருக்கிற அம்மா அல்லவா?

நான், “உடம்பு முடியாதவளை எப்படி அனுப்புறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றேன்.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவே இல்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சகோதரிகளே, இந்த இடத்தில் உடம்பு விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் வேண்டியிருக்கும். வயசுக்கு வந்த பெண் ஓடினால் கர்ப்பப்பை இறங்காது. ஓடி ஆடுகிற வயசில்தான் எலும்பு உரம் ஏறுகிறது என்று பின்னால் ஒரு லேடி டாக்டர் எனக்கு விளக்கினார். ரத்தச் சோகை நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இருக்கிறது. அதற்கு மருந்து உண்டு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் தருகிற நீல மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழச் சாறோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் நல்லது. ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் ‘எல்லாருக்கும் உள்ளதுதான்’ என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். என் மகளுக்கு நாலைந்து மாசத்திலேயே ரத்தம் ஏறி, கன்னம் திரும்பிவிட்டது. அந்த நர்ஸம்மா ‘விளையாடக் கூடாது’ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன்.

மட்டை கொஞ்ச நாள் கதவு மூலையில் நின்றது. அப்புறம் ஒரு மழைக்கு முன்னால் கம்பளியும் ஜமுக்காளமும் துவைக்கிற அன்று, அடித்துத் துவைக்கக் கட்டை தேடினேன். அது கைக்கு வாகாக இருந்தது. அதிலிருந்து அது துவைக்கிற கல்லோடு சேர்ந்துவிட்டது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாமான் சும்மா கிடக்கக் கூடாது என்பதுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

அதற்கு அப்புறமும் பார்ப்பதை நான் விடவில்லை. 2020-ல் மெல்போர்னில் 86,174 பேர் கூடின மைதானத்தில் இருபது ஓவர் இறுதி ஆட்டம், மறுபடி ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. அன்று மார்ச் 8, மகளிர் தினம் வேறு! ஷஃபாலி வர்மா என்கிற 16 வயசுப் பெண் கண் கலங்கி நின்றாள். ரோத்தக்கில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றதால், தலைமுடியை ஆண் பிள்ளை மாதிரி வெட்டிவிட்டு அப்பாவே ஆட அழைத்துப்போன பெண் அவள். அவளைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் அப்பாவை நினைத்துக்கொள்வேன். ஒரு கத்தரிக்கோல் போதுமாயிருந்தது அவருக்கு.

2025 உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று பேரிடம் தோற்றோம். இங்கிலாந்தோடு நாலே ரன்னில். “உன் பொண்ணுங்க வழக்கம் போல” என்றார் வீட்டுக்காரர். எனக்கும் ஒருவகையில் மனசு ஆறிப்போச்சு. தோல்வி நமக்குப் பழகின உறவுக்காரர் மாதிரி. வந்தால் பாயைப் போட்டு உட்காரச் சொல்லத் தெரியும்.

அப்புறம் நியூசிலாந்தை ஜெயித்து அரை இறுதிக்கு வந்தோம். அக்டோபர் 30. ஆஸ்திரேலியா 338 ரன். முடிந்தது என்று நினைத்து மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஜெமிமா ரோட்ரிக்ஸ் நின்று ஆடிக்கொண்டிருக்கிறாள். இங்கிலாந்தோடு ஆடின ஆட்டத்தில் அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். 82-ல் அவள் தூக்கி அடித்த பந்து ஆஸ்திரேலியக் கேப்டன் ஹீலியின் கைக்குள் வந்து நழுவியது. நான் வேண்டிக்கொண்டது எங்கள் குடைவரைக் கோயில் ஈசனுக்கு மட்டுமே தெரியும். 127 ரன் எடுத்துக் கடைசி வரை நின்றாள். ஒன்பது பந்து மிச்சம் வைத்து ஜெயித்தோம். பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இலக்கை அதற்கு முன் யாரும் எட்டினதில்லை. ஆட்டம் முடிந்து அவள் பேசியதுதான் எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிதாகப் பட்டது. மனக் கலக்கத்தில் இந்தப் போட்டி முழுக்க ஏறக்குறைய தினமும் அழுததாக, அம்மாவுக்குப் போன் போட்டு அழுததாக, எல்லார் முன்னாலும் சொன்னாள். தலைவலி என்று படுத்துக்கொண்டு உள்ளுக்குள் வேறொன்றைப் புதைத்து வைக்கிற நமக்கு, இப்படி வாய்விட்டுச் சொல்லலாம் என்று ஒரு சின்னப் பெண் காட்டினாள்.

நவம்பர் 2, ஞாயிறு. நவி மும்பையில் மழை. மூன்று மணி ஆட்டம் ஐந்து மணிக்குத்தான் ஆரம்பித்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமும் அப்பளமும் போதும் என்று அறிவித்துவிட்டேன். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை! அணியிலேயே இல்லாமல், இன்னொரு பெண்ணுக்குக் கால் அடிபட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டு வந்த ஷஃபாலி 87 ரன் அடித்தாள். நம் கணக்கு 298. அவர்கள் ஆடும்போது கேப்டன் லாரா வோல்வார்ட் அசையவே இல்லை. நடுவில் ஹர்மன்பிரீத் யாரும் எதிர்பார்க்காமல் பந்தை ஷஃபாலியிடம் கொடுத்தார். அவள் இரண்டு பேரை அவுட் ஆக்கினாள். அப்பவும் வோல்வார்ட் சதம் போட்டுவிட்டார். அவர் தூக்கி அடித்த பந்து அமன்ஜோத் கையில் விழுந்து துள்ளி, மறுபடி துள்ளி, கடைசியில் ஒரு கையில் ஒட்டிக்கொண்டபோது எனக்கு மாரை அடைத்தது. தீப்தி சர்மாவுக்கு அன்று ஐந்து விக்கெட்.

வீட்டுக்காரர் பத்து மணிக்கே, “படுக்கறேன்” என்று போனவர், பதினொன்றரைக்கு வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே, “இன்னும் எத்தினி வேணுமாம் அவங்களுக்கு?” என்றார். கடைசிப் பந்தை ஹர்மன்பிரீத் பின்னால் ஓடி எம்பிப் பிடித்தார். 246-க்கு எல்லாரும் அவுட். 52 ரன்னில் ஜெயித்துவிட்டோம்.

கூச்சல் போடுவேன் என்று நினைத்தேன். போடவில்லை. 2011-ல் தோனி சிக்ஸர் அடித்த அன்று எங்கள் தெருவில் வெடித்த வெடிக்கு நாயெல்லாம் ஏரிப் பக்கம் ஓடியது. அன்றைக்கு ஒரு ஊசிவெடிகூட இல்லை. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்தப் பெண்கள் மிதாலியையும் ஜூலனையும் மைதானத்துக்குள் கூப்பிட்டு, கோப்பையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஜூலன் அழுதார். நானும் அப்போதுதான் அழ ஆரம்பித்தேன். உள்ளறையிலிருந்து மாமியார், “தோத்துட்டாங்களா?” என்று கேட்டார். “இல்லை அத்தே, ஜெயிச்சுட்டாங்க.” “அப்ப ஏண்டி அழற?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் போன் மணி அடித்தது. மகள். சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் அவளோடு தங்கியிருக்கிற பெண்கள் ஆர்ப்பாட்டம் செய்வது கேட்டது. அப்புறம் அவள், “அம்மா, அந்த பேட் இருக்கா?” என்றாள்.

“இருக்கு” என்றேன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்தது கிடைத்துவிட்டது. இனி எதற்குக் காத்திருப்பது என்று ஒரு வெறுமை. பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பின மறுநாள் வீடு இருக்குமே, பந்தல் பிரித்த வாசல் மாதிரி, அப்படி இருந்தது. அதற்கும் அடியில் வேறொன்று. ஷஃபாலிக்கு ஒரு அப்பா இருந்தார். ஜெமிமாவுக்குப் போன் எடுக்க ஒரு அம்மா இருந்தாள். என் பெண்ணுக்கு என்ன குறைச்சல்? அவள் அந்த மைதானத்தில் நின்றிருப்பாள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆயிரத்தில் ஒருத்திக்கும் அது அமைவதில்லை. திருவண்ணாமலைக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பஸ் கட்டணம் என்ன பெரிய பணமா?

விடியற்காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பின்கட்டுக்குப் போனேன். மட்டை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மழையில் ஊறிக் கிடந்தது. நுனி பிளந்து, சோப்புக் கறை ஏறி, வெளுத்துப் போயிருந்தது. துடைத்து அடுப்பங்கரையில் அணல் படுகிற இடத்தில் நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய்கூடத் தடவினேன். வீட்டுக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து, “நம்ம தீப்தி போட்ட பந்து இருக்கே...” என்று ஊருக்கே ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்ததாகப் பால் ஊற்றப் போன இடத்தில் சொன்னார்கள். ‘நம்ம தீப்தி’யாம்! சிரிப்புதான் வந்தது.

கார்த்திகை தீபத்துக்கு மகள் வந்தாள். நான் அகலுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். நேரே அடுப்பங்கரைக்குப் போய் மட்டையை எடுத்தாள். பிளவைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“துணி துவைச்சியா?”

“ஆமாம்” என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடக்க மாட்டாமல் சிரித்தாள். சிரித்து முடித்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு திரியை எடுத்து உருட்டிக்கொண்டே, “அன்னிக்கு நீ மட்டும் போகச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேம்மா. ஏன் சொல்லல?” என்றாள். ஏழு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறாள்.

“பயம்டி” என்றேன்.

“யாருக்கு? பாட்டிக்கா, அப்பாவுக்கா?”

“தெரியல.”

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. திரியை எண்ணெயில் நனைத்து அகலில் வைத்தாள். அப்புறம், “பந்து ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். நான் அவல் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்ச வேண்டியதை அப்படியே விட்டுவிட்டு, பரண் மேல் தேட ஏறினேன்.